தலைமுறை மாறும் ஆடுகளம்

நுழையும்முன்

ஓர் ஆட்டக்காரரின் ஆட்டக்காலம் குறுகியது. அவர் சார்ந்த நாட்டு அணியின் வாழ்வோ நூறாண்டைக் கடந்தும் நீள்வது. மூத்தோர் விலகவும் இளையோர் நுழையவும் ஏற்ற காலம் எது என்பதை ஒவ்வோர் அணியும் தானே கண்டறிய வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் தேசியக் கால்பந்து அணி கால் நூற்றாண்டுக்காலம் இவ்வினாவோடு போராடிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வாங்க இயலாத வீரர்

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. ஐரோப்பிய நாடுகளுக்கு அதன் நடுவே ஐரோப்பியக் கோப்பைப் போட்டியும் உண்டு. ஆக, ஒரு பெரும்போட்டிக்கும் அடுத்த பெரும்போட்டிக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. உலகம் விழித்திருந்து காண்பது போட்டி நிகழும் அந்த ஒரு மாதத்தை மட்டுமே. ஆனால், அணியின் விதி பெரும்பாலும் எழுதப்படுவது எவரும் அவ்வளவாகக் கவனிக்காத இடைப்பட்ட ஆண்டுகளில்தான்.

தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஒன்றில் இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் முதுமை எய்திவிட்டால், கழகத்தார் வேறொரு கழகத்திலிருந்து, வேறொரு நாட்டிலிருந்துகூட, ஓர் இளைஞரை விலைகொடுத்து அழைத்துக்கொள்ளலாம். நாட்டு அணியின் பயிற்றுநருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தம் நாட்டின் குடியுரிமை உடையோருள் இருப்பவரைக் கொண்டே அவர் அணியை அமைத்தாக வேண்டும். இல்லாதவரை வாங்க முடியாது, உருவாக்கத்தான் முடியும். உருவாக்குவதற்கோ பத்தாண்டுகள் பிடிக்கும். பதினொரு வயதில் பயிற்சிக்கு வரும் சிறுவன் இருபத்தொரு வயதில்தான் நாட்டு அணியின் வாயிலில் நிற்கிறான். இன்று ஓர் அணி அடையும் தோல்விக்கான காரணத்தைப் பத்தாண்டுகளுக்கு முந்தைய சிறுவர் பயிற்சிக்களத்தில் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

மற்றொரு சிக்கலும் உண்டு. கால்பந்து ஆட்டக்காரரின் உடலாற்றல் பெரும்பாலும் இருபதுகளின் நடுப்பகுதியிலும் இறுதியிலும் உச்சம் பெறுகிறது. ஓர் அணி கோப்பையை வெல்லும்போது அதன் முதன்மை ஆட்டக்காரர்கள் இருபத்தாறு, இருபத்தேழு வயதில் இருந்தால், அடுத்த உலகக் கோப்பையின்போது அவர்கள் முப்பதைத் தாண்டியிருப்பர். விரைவு சற்றுக் குறைந்திருக்கும், புகழ் வளர்ந்திருக்கும். புகழ் உச்சத்தில் நிற்கும் ஒருவரை வெளியே அமர்த்துவது எந்தப் பயிற்றுநருக்கும் எளிதன்று.

தெரிந்து தெளிவோம்

கோல்காப்பாளர்கள் ஓட்டத்தைவிட நிலையெடுப்பையும் முன்னறிவையும் நம்பி ஆடுவதால், களத்தில் நெடுங்காலம் நிலைக்கின்றனர். 1982ஆம் ஆண்டு உலகக் கோப்பையை இத்தாலி வென்றபோது அதன் தலைவரும் கோல்காப்பாளருமான டீனோ ஸோஃபின் வயது 40. அதே போட்டியில் வட அயர்லாந்துக்காகக் களம் இறங்கிய நார்மன் ஒயிட்சைடின் வயது 17.

பளபளப்பின் கீழ் ஒரு பள்ளம்

1990ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உரோம் நகரில் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. கிழக்குப் பகுதியின் ஆட்டக்காரர்களும் சேர்ந்துவிட்டால் இந்த அணியை இனிப் பல்லாண்டுகளுக்கு எவராலும் வெல்ல இயலாது என்ற கருத்தை, அப்போதைய பயிற்றுநர் ஃபிரான்ஸ் பெக்கன்பவரே வெளிப்படையாகக் கூறினார். கால்பந்து வரலாற்றில் இத்துணை விரைவாகப் பொய்த்த கணிப்புகள் சிலவே. 1994இல் பல்கேரியாவிடமும் 1998இல் குரோவாசியாவிடமும் காலிறுதியிலேயே ஜெர்மனி வீழ்ந்தது. இடையில் 1996இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது உண்மையே. ஆயினும், அவ்வெற்றி ஒரு வகையில் தீங்காகவும் முடிந்தது. உள்ளே விழுந்துகொண்டிருந்த பள்ளத்தை அது மறைத்துவிட்டது.

கிழக்கு ஜெர்மனியின் அரசு விளையாட்டுப் பள்ளிகளில் ஏற்கெனவே வளர்க்கப்பட்ட திறனாளர்கள் ஆயத்த நிலையில் வந்து சேர்ந்தனர். 1996ஆம் ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியாஸ் சாமர் அவர்களுள் ஒருவர். பிறர் பயிரிட்ட விளைச்சல் களஞ்சியத்தை நிரப்பியபோது, தன் வயலில் விதைப்பு நின்றுபோனதை ஜெர்மனி உணரவில்லை. 1995ஆம் ஆண்டு திசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய பாஸ்மன் தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் ஆட்டக்காரர்களுக்குக் கழகங்களில் விதிக்கப்பட்டிருந்த எண்ணிக்கை வரம்பை நீக்கியது. கழகங்கள் தம் ஊர்ச் சிறுவர்களை வளர்ப்பதைவிட வெளியிலிருந்து வாங்குவதையே எளிய வழியாகக் கண்டன. 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் எனெர்கீ கோட்புஸ் என்னும் ஜெர்மானியக் கழகம் முதல்நிலைத் தொடரின் ஆட்டமொன்றில் பதினொரு வெளிநாட்டவரைக் களமிறக்கியது. அணியில் ஒரு ஜெர்மானியர்கூட இல்லை என்ற செய்தி அந்நாட்டில் பெரும் பேச்சாயிற்று.

1998ஆம் ஆண்டு உலகக் கோப்பை அணியிலேயே முதுமை வெளிப்படையாகத் தெரிந்தது. கோல்காப்பாளர் கோப்கேவுக்கு வயது 36; தலைவர் கிளின்ஸ்மானுக்கு 33; லோத்தர் மத்தேயுஸுக்கு 37. தோல்விக்குப்பின் முதல் இருவரும் விலகினர். ஆனால், மத்தேயுஸ் தொடர்ந்தார். அவருக்கு மாற்றாக எவரையும் அணியால் சுட்டிக்காட்ட இயலவில்லை.

இரண்டாயிரத்தில் ஐரோப்பியக் கோப்பை வந்தது. அப்போது மத்தேயுஸின் வயது 39. இருபது ஆண்டுகளுக்கு முன், 1980ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் அறிமுகமானவர். 1990இல் உலகக் கோப்பையைத் தம் கைகளால் உயர்த்திய தலைவர். தற்காப்பு வரிசைக்குப் பின்னே தனித்து நின்று, தப்பிவரும் பந்துகளைத் தடுக்கும் ‘லிபெரோ’ என்னும் இடத்தில் அவர் ஆடினார். பிற நாடுகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட ஆட்டமுறை அது. ருமேனியாவுடன் சமன்; இங்கிலாந்திடம் தோல்வி. சூன் 20 அன்று ராட்டர்டாம் நகரில் போர்ச்சுகலைச் சந்தித்தது ஜெர்மனி. ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தகுதிபெற்றுவிட்ட போர்ச்சுகல் தன் முன்னணி ஆட்டக்காரர் பலருக்கு ஓய்வளித்திருந்தது. மாற்று வீரராகவே அறியப்பட்டிருந்த செர்ஜியோ கொன்சைசாவ் தனியொருவராக மூன்று கோல்களை அடித்தார். ஜெர்மனி ஒரேயொரு புள்ளியுடனும் ஒரேயொரு கோலுடனும் தன் குழுவின் கடைசி இடத்தில் நின்றது. மத்தேயுஸின் 150ஆவது பன்னாட்டு ஆட்டம் அது. இறுதி ஆட்டமும் அதுவே.

குற்றத்தை அவர்மீது சுமத்தியோர் பலர். முப்பத்தொன்பது வயதில் ஒருவர் ஆடியது அவர் குற்றமன்று. அந்த இடத்தைக் கேட்டுப் பெறும் தகுதியோடு இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர்கூட அந்நாட்டில் இல்லாமற்போனதே உண்மையான செய்தி.

விதைப்புக்காலம்

ராட்டர்டாம் தோல்விக்கு இரண்டு வாரங்களுக்குப் பின், சூலை 6 அன்று, 2006ஆம் ஆண்டு உலகக் கோப்பையை நடத்தும் உரிமை ஜெர்மனிக்குக் கிடைத்தது. சொந்த மண்ணில் இழிவுபடாமல் இருக்க வேண்டுமானால் ஆறே ஆண்டுகள்தாம் இருந்தன. நெருக்கடியும் கெடுவும் ஒன்றாக வந்தமையால் சீர்திருத்தம் தள்ளிப்போடப்படவில்லை. அடுத்த ஆண்டு முதல், தொழில்முறைக் கழகங்கள் ஆட்ட உரிமம் பெற வேண்டுமானால் இளையோர் பயிற்சி மையம் நடத்தியாக வேண்டும் என்று விதிக்கப்பட்டது. முதலில் முதல்நிலைத் தொடரின் கழகங்களும், தொடர்ந்து இரண்டாம் நிலைக் கழகங்களும் இவ்விதிக்குள் வந்தன.

பெரிய கழகங்களின் கண்ணுக்கு எட்டாத சிற்றூர்ச் சிறுவர்களுக்காகவும் ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் 2002ஆம் ஆண்டு நாடெங்கும் 360க்கும் மேற்பட்ட வட்டாரப் பயிற்சித் தளங்களை நிறுவத் தொடங்கியது. சிறுவர் தத்தம் ஊர்க்கழகத்திலேயே ஆடிக்கொண்டிருப்பர். வாரத்தில் ஒருநாள் அருகிலுள்ள தளத்திற்கு வந்து, தேர்ச்சிபெற்ற பயிற்றுநரிடம் நுட்பம் கற்பர். உடல்வலிமைக்கு அதுவரை தரப்பட்ட முதன்மை குறைந்து, பந்தைக் கையாளும் திறனும் விரைந்து முடிவெடுக்கும் ஆற்றலும் முன்னிடம் பெற்றன. பிரான்சு நாடு 1988ஆம் ஆண்டிலேயே கிளேர்ஃபோந்தேன் என்னுமிடத்தில் தேசியப் பயிற்சி மையத்தைத் திறந்திருந்தது. 1998இல் பிரான்சு உலகக் கோப்பையை வென்றது அண்டை நாட்டார் கண்முன் இருந்தது.

விளையாட்டுத் துறைக்குப் புறத்தே நிகழ்ந்த மாற்றம் ஒன்றும் இதற்குத் துணைநின்றது. 2000ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் நடைமுறைக்கு வந்த புதிய குடியுரிமைச் சட்டம், ஜெர்மனியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் வெளிநாட்டவரின் பிள்ளைகள் குடியுரிமை பெறுவதை எளிதாக்கியது. தொழிலாளர்களாக வந்து குடியமர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் தெருமுனைக் களங்களில் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. பிறப்பால் எவர் ஜெர்மானியர் என்ற பழைய வரையறை தளர்ந்தபோது, நாட்டு அணியின் வாயிலும் அகன்றது. கெல்சன்கிர்ஹன் நகரில் துருக்கியக் குடும்பத்தில் பிறந்த மெசூத் ஓசில், துனீசியத் தந்தைக்கு ஸ்டுட்கார்ட்டில் பிறந்த சமி கெதீரா, கானா நாட்டுத் தந்தைக்குப் பெர்லினில் பிறந்த ஜெரோம் போட்டெங் ஆகியோர் அவ்வாயில் வழியே பின்னாளில் நுழைந்தனர்.

விதைத்த மறுநாளே அறுவடை கிடைப்பதில்லை. 2002இல் கோல்காப்பாளர் ஒலிவர் கானின் தோள்மீதேறி இறுதிப்போட்டி வரை சென்ற ஜெர்மனி, 2004ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் மீண்டும் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் திரும்பியது. அடுத்தடுத்த இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளில் ஒரு வெற்றியும் இல்லை. கிளின்ஸ்மான் பயிற்றுநரானார், யோவாகிம் லோவ் அவருக்குத் துணையானார்.

இடம் விடுதல்

2006ஆம் ஆண்டு அணியில் பிலிப் லாமுக்கு வயது 22. பாஸ்டியன் ஷ்வைன்ஸ்டைகருக்கும் லூக்காஸ் பொடோல்ஸ்கிக்கும் பெர் மெர்டசாக்கருக்கும் வயது 21. இவர்களைவிட அந்நாட்டில் மிகுதியாகப் பேசப்பட்டவர் ஆடாத ஒருவர். கானை விலக்கி, யென்ஸ் லேமானை முதன்மைக் கோல்காப்பாளராக அறிவித்தார் கிளின்ஸ்மான். இருவரும் 1969ஆம் ஆண்டு பிறந்தவர்கள். ஆகவே இது வயதின் அடிப்படையில் நிகழ்ந்த மாற்றமன்று. கான் கோல்கோட்டிலேயே நின்று காப்பவர்; லேமான் முன்னே வந்து, காலால் பந்தை வழங்கி, ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர். தலைமுறை என்பது பிறந்த ஆண்டை மட்டும் குறிப்பதன்று, ஆடும் முறையையும் குறிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் இப்போது மாற்று வீரர்களின் இருக்கையில் அமர்ந்தார். அர்ஜென்டினாவுக்கு எதிரான காலிறுதி சமநிலையில் முடிந்து தண்ட உதைகளுக்குச் சென்றது. உதைகள் தொடங்குமுன் கான் எழுந்து சென்று லேமானின் கையைப் பற்றி ஊக்கமளித்தார். பகைவர்களாகவே நாடறிந்த இருவர் அவர்கள். லேமான் இரண்டு உதைகளைத் தடுத்தார்; ஜெர்மனி வென்றது. அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்று, மூன்றாமிடம் பெற்றது. அந்த மூன்றாமிட ஆட்டத்தில் களமிறங்கிக் கான் விடைபெற்றார்.

எல்லா விடைபெறுதலும் இவ்வளவு இனிதாக அமைவதில்லை. 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குச் சில வாரங்களுக்கு முன், அணித்தலைவர் மிக்கேல் பாலாக் இங்கிலாந்தில் நடைபெற்ற கழகப் போட்டியில் கணுக்கால் காயமுற்றார். காயம் விளைவித்தவர் ஜெரோம் போட்டெங்கின் உடன்பிறந்தாரான கெவின் பிரின்ஸ். அவர் தந்தையின் நாடாகிய கானாவுக்காக ஆடினார். தம்பி ஜெர்மனிக்காக ஆடினார். அவ்வுலகக் கோப்பையில் இருவரும் எதிரெதிரே நின்றது தனிக்கதை.

பாலாக் இல்லாத அணி சிதறிவிடும் என்றே பலரும் எண்ணினர். நடந்தது வேறு. அனைவரும் பந்தை ஒருவரிடமே கொடுத்து அவர் முடிவுக்காகக் காத்திருந்த பழைய முறை மறைந்தது. ஓசில், கெதீரா, தோமஸ் முல்லர் முதலியோர் பந்தை விரைந்து கைமாற்றி முன்னேறினர். இங்கிலாந்தை 4-1 என்றும், அர்ஜென்டினாவை 4-0 என்றும் வென்றனர். இருபது வயது முல்லர் ஐந்து கோல்களுடன் தங்கக் காலணி விருது பெற்றார். அரையிறுதியில் ஸ்பெயினிடம் தோற்றாலும், அணி தனக்குரிய முகத்தைக் கண்டுகொண்டது. பாலாக் திரும்ப அழைக்கப்படவில்லை. பிரியாவிடையாக முன்மொழியப்பட்ட ஓர் ஆட்டத்தை அவர் ஏற்க மறுத்தார். 98 ஆட்டங்களோடு, நூற்றுக்கு இரண்டு குறைவாக, கசப்புடன் அவருடைய பன்னாட்டு வாழ்வு முடிந்தது. பயிற்றுநரின் முடிவு சரியானதே. அதைச் செயற்படுத்திய விதம் குறைபாடுடையது. இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும்.

இந்த இளைஞர்கள் திடீரென முளைத்தவர்கள் அல்லர். 2009ஆம் ஆண்டு சுவீடனில் நடைபெற்ற 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டியின் இறுதியில் ஜெர்மனி இங்கிலாந்தை 4-0 என வென்றது. அன்று களத்தில் ஒன்றாக நின்ற மானுவல் நோயர், போட்டெங், ஹும்மெல்ஸ், ஹோவெடஸ், கெதீரா, ஓசில் ஆகிய ஆறு பேரும் 2014ஆம் ஆண்டு உலகக் கோப்பை அணியில் இடம்பெற்றனர். அதே 2009இல் 17 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை வென்ற அணியில் மரியோ கோட்சே என்னும் சிறுவன் இருந்தான்.

2014ஆம் ஆண்டு சூலை 13, மரக்கானா அரங்கம். கோலின்றி நீண்ட இறுதிப்போட்டியின் 88ஆம் நிமிடத்தில், 36 வயது மிரோஸ்லாவ் க்ளோசே வெளியேற, 22 வயது கோட்சே உள்ளே வந்தார். உலகக் கோப்பைகளில் 16 கோல்கள் அடித்து அனைவரையும் விஞ்சியவர் க்ளோசே. 113ஆம் நிமிடத்தில் ஷூர்லே அனுப்பிய பந்தை மார்பில் தாங்கி, தரையில் விழுமுன்பே கோலுக்குள் செலுத்தினார் கோட்சே. ராட்டர்டாமில் மத்தேயுஸ் விடைபெற்றபோது அவருக்கு எட்டு வயதுதான்.

நன்றியின் சுமை

வெற்றிக்குப்பின் க்ளோசேயும் மெர்டசாக்கரும் நாட்டு அணியிலிருந்து விலகினர். முப்பதே வயதான தலைவர் லாமும் விலகினார். இன்னும் ஒரு போட்டியில் ஆடும் ஆற்றல் அவரிடம் இருந்ததை எவரும் மறுக்கவில்லை. எஞ்சியோர் தொடர்ந்தனர்.

பயிற்றுநர் லோவ் அடுத்த தலைமுறையை அறியாதவரல்லர். 2017ஆம் ஆண்டு உருசியாவில் நடைபெற்ற கூட்டமைப்புகள் கோப்பைக்கு மூத்த ஆட்டக்காரர் பெரும்பாலோருக்கு ஓய்வளித்து, இளையோரை அழைத்துச் சென்றார். 23 வயது யூலியன் டிராக்ஸ்லர் தலைமை ஏற்றார். அவ்வணி இறுதியில் சிலியை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அதற்கு இரண்டு நாள்களுக்கு முன் மற்றொரு ஜெர்மானிய அணி 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் பட்டத்தையும் வென்றிருந்தது. ஒரே நாடு, ஒரே வாரத்தில், தன் முதன்மை ஆட்டக்காரர்கள் இல்லாமலே இரண்டு கோப்பைகளை வென்றது.

மறு ஆண்டு உலகக் கோப்பை அதே உருசியாவில் தொடங்கியது. மெக்சிகோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இறங்கிய பதினொருவரில் எட்டுப் பேர் 2014ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்தவர்கள். கூட்டமைப்புகள் கோப்பையின் இறுதிப்போட்டியைத் தொடங்கியவர்களோ மூவரே. காலில் முறிவேற்பட்டு அந்தப் பருவத்தின் பெரும்பகுதியில் ஆடாதிருந்த நோயர் நேராகக் கோல்வாயிலுக்குத் திரும்பினார். இங்கிலாந்துத் தொடரின் சிறந்த இளம் ஆட்டக்காரராக அந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட லிரோய் சானேவுக்கு அணியில் இடமே கிடைக்கவில்லை. மெக்சிகோவின் விரைந்த எதிர்த்தாக்குதலுக்கு ஈடுகொடுத்துத் திரும்பி ஓட ஜெர்மனியின் நடுக்களத்தால் இயலவில்லை. கசான் நகரில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றபோது, 80 ஆண்டுகளில் முதன்முறையாக ஜெர்மனி உலகக் கோப்பையின் முதற்சுற்றிலேயே வெளியேறியது. சமன்செய்யும் வேட்கையில் நோயர் எதிரணியின் பகுதிவரை முன்னேறிப் பந்தை இழக்க, சன் ஹியுங் மின் காலியாகக் கிடந்த வலைக்குள் இரண்டாம் கோலை அடித்தார்.

வென்றவர்மீது நம்பிக்கை வைப்பது இயல்பு. அந்நம்பிக்கையில் நன்றியுணர்வும் கலந்துவிடும்போது, எது மதிப்பீடு, எது நன்றி என்று பிரித்தறிவது கடினமாகிறது. இத்தாலிக்கும் (2006இல் வென்று 2010இல் முதற்சுற்றில் வெளியேறியது) ஸ்பெயினுக்கும் (2010இல் வென்று 2014இல் முதற்சுற்றில் வெளியேறியது) ஏற்கெனவே இதே நேர்ந்திருந்தது. ஜெர்மனி அதைக் கண்ணெதிரே கண்டும் விலகிச் செல்லவில்லை.

தோல்விக்குப்பின் ஓசில் நாட்டு அணியிலிருந்து விலகினார். வென்றால் ஜெர்மானியர் என்றும் தோற்றால் குடியேறியவர் என்றும் தாம் நடத்தப்படுவதாக அவர் எழுதியது, 2000ஆம் ஆண்டில் திறந்த வாயில் எவ்வளவு அகலமானது என்ற வினாவை எழுப்பியது.

2019ஆம் ஆண்டு மார்ச்சில் லோவ் எதிர்த்திசையில் சென்றார். முல்லர், ஹும்மெல்ஸ், போட்டெங் ஆகிய மூவரும் இனி அழைக்கப்படமாட்டார்கள் என்று அறிவித்தார். முல்லருக்கு அப்போது வயது 29. மற்ற இருவருக்கும் 30. அறிவித்த முறை தம்மை வருத்தியதாக முல்லர் வெளிப்படையாகவே கூறினார். 2018இல் தாமதமாகச் செய்யாதுவிட்டதை இப்போது ஒரே வீச்சில் செய்ய முயன்றதன் விளைவும் நன்றாக இல்லை. 2020ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பெயினிடம் 0-6 என்ற தோல்வி நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக்கு முல்லரும் ஹும்மெல்ஸும் திரும்ப அழைக்கப்பட்டனர். அணி இரண்டாம் சுற்றோடு வெளியேறியது, லோவும் விலகினார். 2022ஆம் ஆண்டு உலகக் கோப்பையிலும் முதற்சுற்றைத் தாண்ட இயலவில்லை.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2001இல் தொடங்கிய பயிற்சி மையங்கள் நாளடைவில் ஒரே அச்சில் வார்த்த ஆட்டக்காரர்களையே உருவாக்கின. நுட்பமான நடுக்கள ஆட்டக்காரர்கள் மிகுந்தனர். கோல்முன் நின்று தலையால் மோதும் நடுமுன்கள ஆட்டக்காரர் அருகினர். 2022இல் அந்த இடத்தை நிரப்பியவர் நிக்லாஸ் ஃபுல்க்ரூக். இரண்டாம் நிலைத் தொடரில் ஆடிவிட்டு, 29 வயதில்தான் நாட்டு அணியில் அறிமுகமானவர் அவர். தலைமுறை மாற்றம் என்றாலே இளையோரைச் சேர்ப்பது என்று எண்ணுவோர் ஃபுல்க்ரூகை நினைவில் கொள்வது நன்று.

ஸ்டுட்கார்ட் மாலை

2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை ஜெர்மனியே நடத்தியது. புதிய பயிற்றுநர் யூலியன் நாகல்ஸ்மான் முதியோர், இளையோர் என்ற இருமுனைகளுக்கிடையே ஊசலாடாமல் இருவரையும் இணைத்தார். மூன்றாண்டுகளுக்கு முன் விலகியிருந்த டோனி குரூஸை மீண்டும் அழைத்தார். அவருக்கு வயது 34. அவர் முன்னே 21 வயதினரான ஜமால் முசியாலாவும் ஃபுளோரியன் விர்ட்ஸும் ஆடினர். போட்டியோடு ஓய்வுபெறப் போவதாகக் குரூஸ் முன்னரே அறிவித்துவிட்டமையால், எவர் எப்போது விலகுவார் என்ற ஐயம் எவருக்கும் இல்லை. அணி பல ஆண்டுகளுக்குப்பின் தெளிவோடு ஆடியது.

சூலை 5 அன்று ஸ்டுட்கார்ட்டில் நடைபெற்ற காலிறுதியில் எதிரே நின்றது ஸ்பெயின். 2014ஆம் ஆண்டு வீழ்ச்சிக்குப்பின் அந்நாடும் நெடுங்காலம் தடுமாறியிருந்தது. ஆனால், அதன் பயிற்றுநர் லூயிஸ் டி லா ஃபுவென்டே நாட்டு அணிக்கு வருமுன் 19 வயதுக்குட்பட்டோர் அணியையும் 21 வயதுக்குட்பட்டோர் அணியையும் பயிற்றுவித்தவர். 2015ஆம் ஆண்டு அவர் வழிநடத்தி ஐரோப்பியப் பட்டம் வென்ற 19 வயதுக்குட்பட்டோர் அணியில் உனாய் சிமோன், ரோட்ரி, மிக்கேல் மெரினோ ஆகியோர் இருந்தனர். சிறுவர்களாகத் தாம் வளர்த்தவர்களையே ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் பெரியவர்களாகக் களமிறக்கினார் அவர். யாரால் எது இயலும் என்பதைச் சோதித்துப் பார்க்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. 2018இல் நாடுகள் தொடர் என்னும் புதிய போட்டி தொடங்கியபின், நட்பாட்டங்கள் குறைந்து, புதியவரைச் சோதித்தறியும் வாய்ப்பும் சுருங்கிவிட்ட சூழலில் இது பெரும் நன்மை.

89ஆம் நிமிடத்தில் விர்ட்ஸ் சமன்செய்தார். கூடுதல் நேரத்தின் 119ஆம் நிமிடத்தில், மாற்று வீரராக வந்த மெரினோ உயர எழும்பித் தலையால் பந்தை வலைக்குள் செலுத்தினார். குரூஸின் ஆட்டவாழ்வு அத்துடன் முடிந்தது. அடுத்த சில வாரங்களில் முல்லரும் நோயரும் நாட்டு அணியிலிருந்து விலகுவதாக அறிவித்தனர்.

நான்கு நாள்களுக்குப்பின் மியூனிக் நகரில் பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில், ஸ்பெயினின் வலப்பக்கத் தற்காப்பில் 38 வயது ஹெசூஸ் நவாஸ் நின்றார். 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற அணியில் எஞ்சியிருந்த ஒரே ஆட்டக்காரர் அவர். அவருக்கு நேர் முன்னே, அதே வலப்பக்கத்தில், 16 வயது லாமின் யமால் ஆடினார். 21ஆம் நிமிடத்தில் கோல்பரப்புக்கு வெளியிலிருந்து யமால் வளைத்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு வலைக்குள் விழுந்தது. ஜோகன்னஸ்பர்க் நகரில் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் நவாஸ் ஓடிக்கொண்டிருந்த இரவில், யமாலுக்கு மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு நாள்கள் இருந்தன.